வயிற்றுப் பிள்ளையோடு வெள்ளாறு தாண்டியது

1

“…தலவலிக்கெல்லாம் ஆஸ்பத்திரில படுத்தா ஒலகத்துல எந்தப் பொம்பளயும் வூட்டுல இருக்க முடியாது புள்ள. மூணு பெத்தவ நான். நீ ஒன்னே ஒன்னு பெத்துட்டு எனக்குப் பாடம் நடத்துற. பைய எடு, கெளம்பலாம்,” என்றார் மெஹர் அக்கா.

சொல்லும்போதே கட்டிலிலிருந்து இறங்கி, கோட்டுக்குப் பித்தான் போட ஆரம்பித்துவிட்டார். வயிற்றுப் பக்கத்துப் பித்தான்கள் எட்டவில்லை. மேலே இருந்த இரண்டை மட்டும் போட்டுக்கொண்டு, போருக்குப் புறப்பட்டவர் போல நின்றார்.

பாரிசுக்கு வெளியே, எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியின் பேறுகாலப் பிரிவு அது. இந்தப் பங்குனி மாதம்தான், போன வாரம். மருத்துவச்சி இரண்டு தடவை பிரஷர் பார்த்தார். நீர் எடுத்துப் பரிசோதித்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல், “இவர் இன்றைக்கு வீட்டுக்குப் போகக்கூடாது. டாக்டரை அழைத்து வருகிறேன், நீங்கள் புரியும்படி சொல்லுங்கள்” என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் புரியும்படிச் சொன்னேன். அதற்குத்தான் மேலே உள்ள பதில்.

மெஹருன்னிசா லால்பேட்டைக்காரர். காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கணவரோடு இங்கே வந்து சேர்ந்தவர். நாற்பதைத் தொடப்போகும் வயதில் நாலாவது பிள்ளை, எட்டாம் மாதம். நான் மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து கீரப்பாளையத்துக்கு மருமகளாகப் போனவள். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போயிருப்போம், பேசியிருக்க மாட்டோம். இங்கே லிஃப்ட்டில் “நீங்க கடலூர் மாவட்டமா?” என்று ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அன்றைக்கே அவர் வீட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

2

அவர் போகத் துடித்ததற்குத் தலைவலி சாதாரணம் என்ற நினைப்பு மட்டும் காரணம் இல்லை. மறுநாள் அவருக்கு பிரெஃபெக்சரில் ரந்தேவு. ஊரில் இருக்கும் உங்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஃபெக்சர் என்பது நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. ரந்தேவு என்றால் அவர்கள் கொடுக்கும் நேரம். அந்த நேரத்துக்குப் போனால் தங்கும் அட்டை கிடைக்கும். தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலிலிருந்து ஆரம்பம். அந்த வரிசையில் நானும் குளிரில் நின்றிருக்கிறேன். முன்னால் நிற்பவரின் முதுகு மனப்பாடம் ஆகிவிடும். மெஹர் அக்கா போன ஆடியிலிருந்து இந்த நாளுக்காகக் காத்திருக்கிறார். “நாலு புள்ள பெத்துடலாம் புள்ள, இந்த ஒரு கார்டப் பெக்க முடியல” என்பது அவர் வசனம். நான் அதைப் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நல்ல வாக்கியம் யார் வாயிலிருந்து விழுந்தாலும் எடுத்து முடிந்துவைத்துக்கொள்வது என் சுபாவம்.

எனக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை. சந்தை, டிவி, மகளின் பாடப்புத்தகம், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடம், இவைதான் வாத்தியார். முதல் வருடம், பக்கத்து வீட்டம்மா இன்னொரு துண்டு கேக் வைக்க வந்தபோது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லப்போய், நான் சினையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் மாட்டுக்குச் சொல்கிற சொல். அந்தம்மா கேக்கை அப்படியே வைத்துவிட்டுக் கையைப் பிடித்து வாழ்த்தினார். என் மகள் இனியா மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அவள் அடியில் போவதில்லை, தள்ளிப் போகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின ஞாயிறுதான் அவளுக்கு ஏழு வயது முடிந்தது. பிறந்த நாளுக்கு வந்த சிநேகிதிகளிடம் நான் பேச வாயெடுத்ததும், “அம்மா, நீ சிரி, போதும்” என்றாள், பிரெஞ்சில். எனக்குக் கோபம் வரவில்லை. மெழுகுவத்தியை ஊதக் குனிந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முகத்தை முதன்முதலில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அந்த நினைப்பு வந்தால் எனக்கு எந்தச் சொல்லும் உறைக்காது.

அந்த நினைப்பு ஆறாமல் இருக்கும்போதுதான் மெஹர் அக்கா கோட்டுக்குப் பித்தான் போட்டார்.

“அக்கா, டாக்டர் வர்ற வரைக்கும் குந்துங்க. நான் ஒன்னு சொல்றேன். கேட்டுட்டு அப்புறமும் போறேன்னா நானே பஸ் ஏத்திவுடறேன்.”

“கத சொல்லி ஆள அமுக்கப் பாக்குற.”

“ஆமா. குந்துங்க.”

கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

3

2005. சுனாமி வந்துபோய் மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. என் வீட்டுக்காரர் இங்கே ஓட்டல் சமையலுக்கு வந்து, எங்களை அழைத்துக்கொள்ளக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் கீரப்பாளையத்தில் மாமியாரோடு. ஏழாம் மாதம் வளைகாப்பு. கைகொள்ளாமல் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டு, என்னை மேல்பட்டாம்பாக்கத்துக்கு அழைத்துப்போக அம்மா வந்திருந்தாள்.

அங்கே ஒரு சின்ன உரசல். பந்தியில் எல்லோரும் இருக்கும்போது அம்மா என் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, “எம்பொண்ண எலும்பாவுல்ல திருப்பித் தர்றீங்க சம்மந்தி” என்றாள். மாமியார் வாய்க்கு வாய் கொடுக்கத் தயங்குகிறவர் இல்லை. “நாங்க எலும்ப வாங்குனோம், எலும்பத் திருப்பித் தர்றோம். ஒங்க வூட்டுச் சோத்துல என்னா சத்து இருக்குன்னு பாப்போமே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் என்ன, காலையில் பால், பத்து மணிக்குக் கஞ்சி, மத்தியானம் மீன், சாயங்காலம் சுண்டல். மறுத்தால் “ஒங்க மாமியா மொகத்துல கரி பூசணும்டி” என்பாள். கொஞ்ச நாளில் என் கால் பூரித்தது, முகம் உருண்டது. மோதிரம் கழலவில்லை. கையை ஆட்டினால் சலசலத்த வளையல் சத்தமே இல்லாமல் பதிந்து கிடந்தது. அம்மாவுக்குக் கொண்டாட்டம். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, “பாருங்க, வளையல் ஆட எடமில்ல” என்று என் கையைக் காட்டுவாள். பார்த்தவர்களும், கால் வீங்கினால் ஆம்பளப் பிள்ளை என்று உபரியாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

“எங்க மாமியும் அதான் சொல்லும்,” என்றார் மெஹர் அக்கா. “மூணு தடவயும் சொல்லிச்சு. ரெண்டு பொண்ணு, ஒரு பையன்.”

அம்மா சும்மா இருந்திருக்கலாம். சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினாள், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. மாமியார் ஒரு தூக்கு அதிரசத்தோடு வந்தார். என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தபின் குழி அப்படியே நின்றது.

“என்னா சம்மந்தி, கொழுக்கட்ட மாவுல கைய வச்சாப்புல இருக்கு?”

“கண்ணு வெக்காதீங்க,” என்றாள் அம்மா. அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். பந்தயம் ஜெயித்த கையோடு ஊர் சுற்றி வரும் மனுஷி மாதிரி இருந்தது அவள் முகம். இரண்டு பெண்களும் அந்தக் குழியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது உடம்பு தேறின அடையாளம் இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பிறகு தலைவலி பிடித்தது. அம்மா சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள், தைலம் தேய்த்தாள். ஒருநாள் காலை வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். வைத்த புள்ளிகளில் பாதியைக் காணோம். கண்ணைக் கசக்கினால் மத்தாப்பு மாதிரி பொறி பறக்கிறது. கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் தெருவிலேயே வாடகைக் கார் வைத்திருந்த தாய்மாமாவிடம் நேராகப் போனேன்.

“மாமா, வண்டி எடுங்க. கடலூருக்குப் போவணும்.”

“என்னாம்மா, வலி எடுத்துடுச்சா?”

“வலி இல்ல. கண்ணு சரியாத் தெரியல.”

மாமா தட்டிலிருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அம்மா பிளாஸ்க்கோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

4

மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பிரஷர் பார்த்த டாக்டரம்மா இன்னொரு தடவை பார்த்தார். நீர் பரிசோதித்தார். அம்மா தன் பெருமையை அங்கேயும் விடவில்லை. “நல்லா தேறிட்டா டாக்டர், வந்தப்ப குச்சியா இருந்தா” என்றாள்.

“இது தேறுனது இல்லம்மா,” என்றார் டாக்டரம்மா. “ரத்தக் கொதிப்பு ஜாஸ்தியாயிருக்கு. நீர்ல புரதம் போவுது. ஒடம்புல நீர் கட்டிக்கிச்சு. எந்த நேரமும் ஃபிட்ஸ் வரலாம். வந்தா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. புள்ளய வெளிய எடுக்கிறதுதான் இதுக்கு மருந்து. கொறமாசப் புள்ளய வெச்சிப் பாக்குற வசதி எங்ககிட்ட இல்ல. ஊசி போட்டு அனுப்புறேன். சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க.”

அம்மா கையிலிருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். வண்டிக்கு வந்ததும் சொன்னாள்.

“சிதம்பரம் ஆவாது.”

எங்கள் பக்கத்தில் வளைகாப்புப் போட்டுப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவரும்போது ஆறு தாண்டலாம். அது ஒரு வழிக்கு மட்டும்தான் அனுமதி. வேப்பிலை, இரும்பு எல்லாம் மடியில் கட்டித் தாண்ட வைப்பார்கள். வந்து சேர்ந்தபின் பிள்ளை பிறக்கும்வரை வயிற்றோடு எந்த ஆற்றையும் தாண்டக்கூடாது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கெடிலத்தையும் தாண்ட வேண்டும், வெள்ளாற்றையும் தாண்ட வேண்டும்.

“அக்கா,” என்றார் மாமா, “கெடிலத்துல தண்ணி எங்க இருக்கு? பன்னி படுத்திருக்கு.”

“பன்னி படுத்தாலும் ஆறு ஆறுதான்.”

“சரி, அப்ப பாண்டிச்சேரிக்கு வுடட்டுமா? அங்கயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு.”

“நடுவுல பெண்ணையாறு இருக்கே.”

“அப்ப நாம தீவுலதான் குடும்பம் நடத்துறோம். இத்தன நாளா எனக்குத் தெரியாமப் போச்சு.”

அம்மா சிரிக்கவில்லை. “தண்ணிக்கு இன்னும் பசி அடங்கலடா,” என்றாள். அவளை இப்போது நினைத்தாலும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் கடல் எழுந்து ஆற்று வாய் வழியே உள்ளே ஏறியதைக் கேட்ட ஊர் அது. எங்கள் ஜனங்கள் குளத்தங்கரையில்கூட அப்போது உட்காரப் பயந்தார்கள்.

எனக்குத் தலை இரண்டாகப் பிளந்தது. மேல்வயிற்றில் யாரோ முழங்கையால் குத்துகிற மாதிரி ஒரு வலி. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை நானே சாத்தினேன்.

“அம்மா, நான் சிதம்பரம் போறேன். நீ வந்தா பக்கத்துல குந்து. வரலன்னா வூட்டுக்கு பஸ் புடிச்சிப் போ. மாமா, எடுங்க.”

“என்னாடி இப்படிப் பேசுற? ஆத்தத் தாண்டி ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா ஒங்க மாமியா என்ன உசுரோட வுடுவாளா? பொறந்த வூட்டுல வெச்சிக் கொன்னுட்டன்னு கீரப்பாளையமே வந்து எம்வாசல்ல நிக்கும்!”

அப்போதுதான் விளங்கியது. அவள் பயந்தது ஆற்றுக்குப் பாதி, சம்பந்திக்குப் பாதி. ஆற்றிடம் பேச எனக்கு வழி தெரியாது. சம்பந்திக்கு ஃபோன் இருந்தது. மாமாவின் செல்லை வாங்கிக் கீரப்பாளையத்துக்குப் போட்டேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் மாமியாரிடம் சொன்னேன்.

முழுசாகக் கேட்டுவிட்டு, “ஒங்கம்மாகிட்டக் குடு” என்றார். அம்மா ஃபோனைக் காதில் வைக்கப் பயந்து தள்ளிப் பிடித்திருந்தாள். அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“சம்மந்தி, வெள்ளாறு எங்க ஊரு ஆறு. அதுங்கிட்ட நான் பேசிக்கிறேன். கெடிலம் ஒங்க ஊரு ஆறு. அதுங்கிட்ட நீங்க பேசுங்க. என்னா ஆனாலும் நான் ஒங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எம்மருமவள இட்டுக்கிட்டு வாங்க.”

அம்மா வண்டியில் ஏறினாள். கெடிலப் பாலத்தின் மேல் போகும்போது முந்தானையால் என் வயிற்றை மூடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

5

“வெள்ளாத்துப் பாலத்த நான் எத்தினி தடவ தாண்டியிருக்கேன்,” என்றார் மெஹர் அக்கா. “மூணு புள்ளைக்கும் வயித்தோட தாண்டியிருக்கேன். எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்ல.”

“ஒங்களுக்கு வேற கணக்கு இருக்குமே?”

“இருக்கும், இருக்கும். கெரகணத்தன்னைக்குக் கத்தியத் தொடாத, பொழுது சாஞ்சு மஹரிபுக்கு வெளிய நிக்காத.” ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீ சொல்லு.”

வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, ஏறுவதற்கு முன்பே இந்தக் கரையில் ஒரு பெண் கையைக் குறுக்கே நீட்டி வண்டியை மறித்தாள். மாமியார்தான். கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம் வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் பாலத்தில் இறங்கியிருக்கிறார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், வேப்பங்கொத்து. மறு கையில் என் பழைய புடவைகளைக் கிழித்து மடித்த துணி மூட்டை. பிள்ளைக்கு வேண்டுமே என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“சம்மந்தியம்மா, நேரமாவுது,” என்றார் மாமா.

“ஒரு நிமிசம் இருங்க. வாக்குக் குடுத்துருக்கேன்ல.”

கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, எதிர்வீட்டுக்காரியிடம் பேசுகிற அதே குரலில் ஆற்றைப் பார்த்துச் சொன்னார்: “தோ பாரு, இது வெளயாட்டுக்குப் போற வண்டி இல்ல. எடுத்தது வரைக்கும் போதும். இந்த வண்டிய வுட்டுடு.” பழத்தைப் போட்டார். அது விழுந்த சத்தத்துக்குக் காத்திராமல் திரும்பி வந்து, முன் சீட்டில் ஏறி, “எடுங்க, என்னா வேடிக்க?” என்று மாமாவை அதட்டினார்.

அம்மா அதுவரை அழவில்லை. சம்பந்தியின் பின்னந்தலையைப் பார்த்ததும் அழுதாள்.

6

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தது நினைவு இருக்கிறது. ஊசி ஏற்ற நர்சு என் கையைப் பிடித்தார். வளையல் முழங்கைக்குப் பாதிவரை பதிந்து, தோலில் வரிவரியாகக் கோடு. சோப்பு போட்டும் நகரவில்லை. உடைக்கச் சொல்ல அந்த நர்சுக்கும் மனம் வரவில்லை. வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும்முன் உடைப்பதை அவரும் கேட்டிருக்க மாட்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

“ஒடைங்கம்மா,” என்றார் மாமியார். “கண்ணாடி கடையில கெடைக்கும்.” தாமே துணியைச் சுற்றி, என் கையைத் தம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

வளையல் நொறுங்கின சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பல் கிட்டிக்கொண்டதாம். உடம்பு வில்லாக வளைந்ததாம். நாலைந்து பேர் ஓடிவந்து ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார்களாம். நான் விழித்தபோது உடம்புக்குள் தீ வைத்த மாதிரி எரிந்தது. வலிப்பு மறுபடி வராமல் இருக்கப் போடும் மருந்து அப்படித்தான் எரியுமாம். ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர் ரப்பர் சுத்தியலால் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

“ஒங்க பேரு சொல்லுங்க.”

“கலா.”

“எந்த ஊரு?”

எந்த ஊரைச் சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் அவரே சிரித்துவிட்டார். “யோசிக்கிறீங்கல்ல, அது போதும். ஆபரேஷனுக்குப் போலாம். வலிப்பு இங்க வந்துதான் வந்துச்சு. வழியில வந்திருந்தா கையில மருந்தும் இல்ல, புடிக்க ஆளும் இல்ல.”

வெளியே அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு, “கால் வீங்கினா ஆம்பளப் புள்ளன்னாங்களே டாக்டர்” என்று புலம்பியிருக்கிறாள். அந்தப் பெண் சொன்ன பதிலை மாமா எனக்கு அப்படியே சொன்னார். நான் இன்றுவரை வைத்திருக்கிறேன்: “அம்மா, கால்ல குழி வுழுந்தா ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. எங்கள வந்து பாக்கணும்னு அர்த்தம். அத ஒங்க தெருவுல சொல்லுங்க.”

பிறந்தது பெண். கோழிக்குஞ்சு மாதிரி, ஒரு கைக்குள் அடங்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தையல் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய், காலில் ஒட்டுப் போட்ட ஊசி. அதற்கு நடுவில் அவள் கொட்டாவி விட்டாள். இத்தனை கலாட்டாவுக்கு நடுவே இதற்குத் தூக்கம் வேறு வருகிறதா என்று தோன்றியது. அந்தக் கொட்டாவியில்தான் எனக்கு உயிர் வந்தது. பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்போம். சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.

இரண்டு சம்பந்திகளும் அந்த வராந்தாவில் ஒரே பாயில் நாள் கணக்காகக் கிடந்தார்கள். ஒருநாள் அம்மா, “நான்தான் ஊட்டி ஊட்டிக் கெடுத்தேன்” என்று ஆரம்பித்தாள்.

“சோத்தால வர்ற நோவு இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்கல்ல,” என்றார் மாமியார். “குழியப் பாத்து நான் கொழுக்கட்டன்னேன். நீங்க சுத்திப் போட்டீங்க. ரெண்டு பேருமே தோத்தோம். புள்ள ஜெயிச்சிச்சு. எழுந்து வாங்க, டீ குடிக்கலாம்.”

7

மெஹர் அக்கா சிரிக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சி டாக்டரோடு கதவருகே வந்து நின்றார். நான் கையைக் காட்டி, ஒரு நிமிடம் என்றேன்.

“கண்ணுல பொறி பறந்துச்சுன்னியே,” என்றார் அக்கா, திரும்பாமலே. “அது எப்படி இருக்கும்?”

நான் எழுந்து நின்றேன். “எப்பலேருந்துக்கா?”

“காலைலேருந்து. வெளிச்சம் கூசுதுன்னு நெனச்சேன்.”

அதை நான் டாக்டரிடம் பிரெஞ்சில் சொன்னேன். இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது. டாக்டர் என்னைத் திருத்தவில்லை. மருத்துவச்சியிடம் இரண்டு வார்த்தை சொன்னார், அவர் வேகமாக வெளியே போனார். இன்றைக்கே மருந்து ஏற்ற வேண்டும், பிள்ளையை எப்போது எடுப்பது என்று நாளை முடிவு செய்வோம் என்றார் டாக்டர். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியது இல்லை.

“அப்ப அந்த ரந்தேவு?”

“பிரெஃபெக்சர்ல நான் பேசிக்கிறேன்.”

“நீயா? ஒன் பிரெஞ்சக் கேட்டா என்ன வுட்டுட்டு ஒன்ன நாடு கடத்திடுவான்.”

“கடத்தட்டும். சிதம்பரத்துல எறக்கிவுடச் சொல்றேன். ஆஸ்பத்திரில சீட்டு எழுதித் தருவாங்கக்கா, படுத்திருக்காங்கன்னு. மச்சான் அத எடுத்துக்கிட்டு வரட்டும், நானும் கூடப் போறேன். வேற தேதி குடுக்குற வரைக்கும் அந்தக் கவுன்ட்டர் ஜன்னல வுட்டு நகர மாட்டேன். அவன் மூடிட்டுச் சாப்டப் போனா அங்கயே நிக்கிறேன்.”

“குடுக்கலன்னா?”

“மறுநாளும் நிப்பேன். அட்டைய இன்னொரு தரம் கேக்கலாம். இத இன்னொரு தரம் கேக்க முடியாது.”

அக்கா கணவருக்கு ஃபோன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு நம்பருக்குப் போட்டார். எடுத்தவள் பெரிய மகள். அம்மா தமிழில் கேட்க, மகள் பிரெஞ்சில் பதில் சொல்வது எனக்கும் கேட்டது. எங்கள் வீடுகளில் இதுதான் வழக்கம்.

“அத்தா வந்தா சொல்லு. உம்மா இன்னிக்கு வர மாட்டேன், இங்க படுக்கப் போறேன்னு. துஆ செய்யச் சொல்லு. சோறு பானையில இருக்கு, தம்பிக்குப் போடு,” என்றார். பிறகு அந்தப் பக்கம் அதே மகள், குரல் சின்னதாகி, தமிழில், “உம்மா?” என்றாள். “ஒன்னும் இல்லம்மா. நல்லா ஆயி வர்றேன், இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

டாக்டர் காத்திருந்தார். நான் கதவருகிலிருந்து ஸ்டூலை எடுக்கவில்லை.

மெஹர் அக்கா எழுந்தார். கோட்டின் இரண்டு பித்தான்களையும் கழற்றினார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, குனிந்து பூட்ஸின் ஜிப்பைப் பிடித்து இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. வயிறு அதற்கு மேல் குனியவிடவில்லை. ஒரு மூச்சு விட்டு நிமிர்ந்து, காலை என் பக்கம் நீட்டினார்.